சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாய்

பசியோடு ஓடிவந்து, தட்டை முகர்ந்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போகும் நாயைப் பார்த்தால் "கறி இல்லன்னு அடம் பிடிக்குது" என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அதன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

எங்கள் பொமரேனியன் மணிக்கு ஈறு மட்டுமல்ல, பல் உரசும் இடத்தில் கன்னத்தின் உட்புறமும் புண்ணாகியிருந்தது. பல்லில் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக அதன் உடலே அளவுமீறிப் போராடுவதால் வரும் அழற்சி இது என்றார் கால்நடை மருத்துவர். அந்தப் படலம் சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, கெட்ட பற்களைப் பிடுங்கினார்கள். மயக்க மருந்து என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பயம்தான். ஆனால் விழித்திருக்கும் நாய்க்கு மேலே தெரியும் காரையை மட்டும் சுரண்டினால் பல் வெளுக்கும், நோய் அப்படியே இருக்கும்.

நாய்கள் வலியை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். எச்சில் வடிவது, ஒரு பக்கமாகவே மெல்வது, முன்காலால் முகத்தைத் தேய்ப்பது, இவைதான் அவர்கள் சொல்லும் விதம். "நாய் வாய்னா நாறத்தான் செய்யும்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கண்ணுக்குக் கீழே வீங்கினால்கூட, மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கலாம்.

முடிந்தால் தினமும் பல் தேய்த்துவிடுங்கள், குறிப்பாகச் சிறிய ரக நாய்களுக்கு. நம் பற்பசை வேண்டாம். அதில் சைலிட்டால் இருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. நாய்களுக்கென்றே பற்பசை கடைகளில் கிடைக்கிறது.