கரிவண்டி நின்ன இடம்

போன மாசம் எங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் வந்துச்சு. வானத்துல இருந்து எடுத்த பழைய மதுரை. நாலு கோபுரம், அதைச் சுத்திச் சதுரஞ்சதுரமா வீதிகள், வடக்கே வெள்ளையா வைகை. கீழே "1895ல் விமானத்திலிருந்து எடுத்தது, தமிழனாக இருந்தால் பகிரவும்"னு போட்டிருந்தாங்க. ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903 டிசம்பர்ல. 1895ல மதுரைக்கு மேல பறந்தது கொக்கும் கழுகும்தான். அதோட படத்துல ஒரு வீதி முனையில மூக்கு நீண்ட பஸ் ஒண்ணு நிக்குது. மதுரைக்குப் பஸ் வந்தது 1912ல. இதை எழுதிப் போட்டேன். "உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை"ன்னு ஒரு தம்பி கேட்டுச்சு.

நியாயமான கேள்விதான். ரெண்டு வருஷமா எனக்கு இதுதான் ராத்திரி வேலை. ஆரம்பிச்சது ஆசையில இல்ல, ஒரு வாய்க்கால் தகராறுல.

எங்க ஊர் மேலூர் ரோட்டுல இருந்து பிரிஞ்சு கிழக்கே போற ரோட்டுல இருக்கு. ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி வர்ற வழி ரெண்டு. ஒண்ணு பெரியாத்துத் தண்ணி. இன்னொண்ணு மழைத்தண்ணி கொண்டாற ஒரு வரத்துக்கால். அந்த வரத்துக்கால் ரோட்டுக்கு மேற்கே புறம்போக்குல வருது, புலப்படத்துல தெளிவா இருக்கு. ரோட்டைத் தாண்டினதும் பட்டா நிலத்துக்குள்ள போயிடுது. அங்கே அது காகிதத்துல இல்ல. முன்னோர்கள் பேச்சுல இருந்துச்சு, அவ்வளவுதான். இருவது வருஷமா தூர்ந்து கிடந்துச்சு. இப்போ அந்த எட்டு ஏக்கரையும் ஒருத்தர் வாங்கி, கல்லு நட்டு, கொடி கட்டி, 'நகர்'னு பேரு வச்சுட்டார். "இங்கே வாய்க்காலே இருந்ததில்லையே, இருந்தா காட்டுங்க"ன்னார். ஆபீஸ்லயும் அதையேதான் சொன்னாங்க: ஆதாரம் கொண்டு வாங்க.

ஆயக்கட்டுக்காரங்க அறுபது பேர் இருக்கோம். ஆதாரம்னு யார்கிட்டயும் ஒரு துண்டுச்சீட்டு இல்ல.

சென்னையில படிக்கிற என் அக்கா மகன்தான் வழி சொன்னான். அமெரிக்காக்காரன் 1960ல இருந்து 1972 வரைக்கும் 'கொரோனா'ன்னு ஒரு வேவு செயற்கைக்கோள் திட்டம் நடத்தியிருக்கான். (பேரைக் கேட்டதும் நான் முகக்கவசத்தைத் தேடினேன்.) அப்போ டிஜிட்டல் கிடையாது. மேலே இருந்து ஃபிலிம்ல படம் எடுத்து, சுருளை ஒரு கூட்டுல வச்சு, பாராசூட்ல கீழே போடுவானாம். பசிபிக் கடலுக்கு மேல ஒரு விமானம் வந்து கொக்கி போட்டு அதை ஆகாயத்துலயே பிடிக்கும். எட்டு லட்சத்துக்கும் மேல படம். 1995ல ரகசியத்தை நீக்கி எல்லாத்தையும் பொதுவுல விட்டுட்டாங்க. ரஷ்யாவையும் சீனாவையும் வேவு பார்க்கப் போனவன், போற போக்குல எங்க கண்மாயையும் எடுத்து வச்சிருக்கான். அமெரிக்க நிலவியல் துறை இணையதளத்துல தேடினா வருது. ஏற்கெனவே ஸ்கேன் பண்ணின படங்களைச் சும்மாவே இறக்கிக்கலாம்.

அறுபதுகள்ல எடுத்த ஒரு துண்டு கிடைச்சுச்சு. திறந்து பார்த்தா ஒண்ணும் புரியலை. கறுப்பு, சாம்பல், வெள்ளை. பேரு இல்ல, எல்லை இல்ல. கூகுள் மேப்புல பழகின கண்ணுக்கு அது கரி பூசின சுவர் மாதிரி இருந்துச்சு.

இதுமாதிரி படத்தைப் படிக்கணும்னா தெரிஞ்ச இடத்துல இருந்து தெரியாத இடத்துக்கு நடந்து போகணும். மதுரைக்காரனுக்கு அது சுலபம். கோயில் இருக்கு. அதைச் சுத்தி சித்திரை, ஆவணி, மாசி வீதிகள். அதுக்கும் வெளியே அகலமா வெளி வீதி. அந்த அகலத்துக்குக் காரணம், அது ஒரு காலத்துல கோட்டையும் அகழியும். 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிச்சு அகழியைத் தூர்த்தார். விளக்குத்தூண் அவர் ஞாபகமா நிக்கிறதுதான். அந்த வேலையில இருந்தவங்க பேருதான் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதின்னு இன்னைக்கும் இருக்கு. கிழக்கே போனா வண்டியூர் தெப்பக்குளம், நடுவுல மைய மண்டபம் ஒரு புள்ளி. ஒரு பக்கம் ஏறக்குறைய 1000 அடி, அதனால அதையே அளவுகோலா வச்சுக்கிட்டேன். வடகிழக்கே ஆனைமலை. தரையில இருந்து பார்த்தாத்தான் அது யானை. மேலே இருந்து பார்த்தா உளுந்து காயப்போட்ட பாய் மாதிரி நீளமா கிடக்கு. மலையடிவாரம் ஒத்தக்கடைப் பக்கம் விவசாயக் கல்லூரிக் கட்டடங்கள் தெரியலை. கல்லூரி வந்தது 1965ல. இப்படி இருக்கிறதை விட இல்லாததுதான் நிறைய சொல்லும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உலகநேரிக் கண்மாய் அந்தப் படத்துல கண்மாயாவே இருக்கு. இப்போ அங்கேதான் உயர் நீதிமன்றக் கிளை இருக்கு. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்கு எல்லாம் அந்தக் கட்டடத்துலதான் நடக்குது. நான் இதுக்கு மேல எதுவும் சொல்லலை.

அங்கேயிருந்து எங்க பக்கம் வர்றது எப்படி? தண்ணியோட குணம் தெரியணும். ஓடை மேட்டுல இருந்து பள்ளத்துக்கு நேரா இறங்கும். பெரியாறு கால்வாய் மட்டம் பார்த்து வெட்டினது, அதனால பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். கால்வாய்க்குக் கீழே வயல் எல்லாம் கறுப்பு, மேலே புஞ்சை எல்லாம் வெளுப்பு. ரோடும் அப்படித்தான். வண்டிப்பாதை மொட்டையா வெள்ளைக் கோடு. பஸ் ரோடு ரெண்டு பக்கமும் புளியமரம் உள்ளது, அதனால கறுப்பு மணி கோத்த மாதிரி வரும். அந்த மணிமாலையைப் பிடிச்சு விரலை நகர்த்தி, மேலூர் ரோட்டுல இருந்து கிழக்கே திரும்பி, எங்க கண்மாய்க் கரைக்கு வந்து சேர ஒரு வாரம் ஆச்சு. கரையோட அந்த நெளிவைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துடுச்சு. நான் தினம் நடக்கிற கரை, நான் பொறக்கிறதுக்கு முன்னாடி.

வாய்க்கால் மட்டும் தெரியலை. ரோட்டுக்கு மேற்கே மெல்லிசா ஒரு கோடு, அப்புறம் புளியமர நிழல்ல மறைஞ்சிடுது. கிழக்கே எல்லாம் ஒரே சாம்பல்.

ஆனா அந்த இடத்துல வேற ஒண்ணு இருந்துச்சு. ரோட்டோரம், தெப்பக்குளக் கணக்குல ஒரு அறுபது எழுபது அடி அகலத்துக்கு, ஒரு வெள்ளைத் திட்டு. களமா இருக்குமோன்னு நெனைச்சேன். ஊரை விட்டு அவ்வளவு தூரத்துல யாரும் களம் போட மாட்டாங்க. நாலு நாள் கழிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கிறப்போ பொறி தட்டுச்சு. அது கரிக்கொட்டு.

எங்க அப்பத்தா அந்த இடத்தை அப்படித்தான் சொல்லும். "கரிக்கொட்டுப் பக்கம் மாடு போகுது பாரு"ன்னு விரட்டும். எங்களுக்கு அது வெறும் பேரு. ஏன் கரிக்கொட்டுன்னு நான் ஒருநாளும் கேட்கலை.

இதுக்குக் கொஞ்சம் பஸ் கதை சொல்லணும். டி.வி.சுந்தரம் அய்யங்கார், திருக்குறுங்குடிக்காரர், ரயில்வே வேலை, பாங்கு வேலை எல்லாம் பார்த்துட்டு மோட்டார் தொழிலுக்கு வந்தவர். 1912ல மதுரையில பஸ் ஓட்டினார். மேல வெளி வீதியில, அகழியைத் தூர்த்த அந்த அகலமான ரோட்டுலதான் கம்பெனி வேரூன்றுச்சு. கோட்டை இடிக்காம இருந்திருந்தா இவ்வளவு பஸ்ஸு எங்கே திரும்பியிருக்கும்னு எனக்குத் தோணும். வண்டி நேரத்துக்கு வர்றதுல பேர் எடுத்தது. பஸ்ஸைப் பார்த்து ஜனம் கடிகாரத்தைத் திருத்தும்னு சொல்லுவாங்க. ரோட்டுல கிடக்கிற லாட ஆணி டயரைக் குத்தாம இருக்க, காந்தம் கட்டின வண்டியை முன்னாடி ஓட விட்டாங்கன்னும் சொல்லுவாங்க. 1972ல பஸ்ஸை எல்லாம் அரசாங்கம் எடுத்து பாண்டியன் ரோடுவேஸ் ஆன பிறகும், எங்க ஊர்ப் பெருசுங்க ரொம்ப நாள் 'டிவிஎஸ் வண்டி'ன்னுதான் சொன்னாங்க.

ரெண்டாம் உலகப்போர் வந்தப்போ பெட்ரோல் இல்ல. அப்போ அய்யங்கார் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்'னு ஒண்ணு செஞ்சார். அடுப்புக்கரியைக் கொப்பரையில போட்டுக் காத்தைக் குறைச்சு எரிச்சா வர்ற புகையிலயே இன்ஜின் ஓடும். பெட்ரோல் வண்டி இழுவை இதுக்கு வராது. மேடு வந்தா ஆளுங்களை இறக்கி நடக்க விடுவாங்க. நடுவுல நிறுத்திச் சாம்பலைக் கிளறி வெளியே தள்ளணும், கரி போடணும், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்.

தண்ணி. அதுதான் விஷயம். ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி, வீடு இல்லாத இடத்துல, கிணறு இல்லாத இடத்துல, கரிவண்டி ஏன் நிக்கணும்? வாளியை விட்டா தண்ணி வரணும். அங்கே பாலத்தடியில வாய்க்கால் ஓடியிருக்கணும்.

மறுநாள் காலையில மம்பட்டியோட போனேன். தம்பிமார் ரெண்டு பேர் கூட வந்தாங்க. ரோட்டோரம் ஒரு முழம் தோண்டினதும் கறுப்பா ஒரு அடுக்கு. கரித்தூளும் கட்டி கட்டியாச் சாம்பலும். கரி மக்காது இல்லையா, எண்பது வருஷமா அப்படியே இருக்கு. அதை ஒட்டி தெக்கே இன்னும் தோண்டினோம். செங்கல் சுண்ணாம்புல கட்டின ஒரு சின்னப் பாலத்தோட வாய் தெரிஞ்சுச்சு, முக்கால்வாசி மண்ணுக்குள்ள. ரோட்டை ஒவ்வொரு தடவை உசத்தினப்பவும் பாலம் கீழே போயிருக்கு.

பாலம் இருந்தா ரெண்டு பக்கமும் வாய்க்கால் இருந்திருக்கணும். ஆபீஸ்ல அதையும் ஒத்துக்கலை. "தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சு சரி, அந்தப் பக்கம் எந்த வழியா போச்சு?"

அதுக்கும் படம்தான் பதில் சொல்லுச்சு, நான் பார்க்கத் தெரியாம பார்த்திருக்கேன். இங்கிலாந்துல கிராஃபோர்டுன்னு ஒருத்தர், முதல் உலகப்போர்ல விமானத்துல உட்கார்ந்து வேவு பார்த்தவர். போருக்கு அப்புறம் நிலஅளவைத் துறையில சேர்ந்து, வயலுக்கு மேலே பறந்து படம் எடுத்தே மண்ணுக்குள்ள கிடக்கிற பழைய அகழியைக் கண்டுபிடிச்சார். மூடின பள்ளத்துல ஈரம் நிக்கும், மேலே பயிர் கறுத்து வளரும், வானத்துல இருந்து கோடாத் தெரியும். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. தூர்ந்த வாய்க்கால் மேல நெல்லு ரெண்டு விரக்கடை உசரமா நிக்கும்னு எங்க ஊர்ல களை எடுக்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லும். ஆனா அந்தப் பாடத்தை வச்சுப் படத்தைத் திரும்பப் பெருசாக்கிப் பார்த்தேன். சாம்பலுக்குள்ள கொஞ்சம் கறுத்த ஒரு நூல், பாலத்துல இருந்து தென்கிழக்கா இறங்கி, கண்மாய் மூலையில போய் முடியுது. 'நகர்'ல அது 14ஆம் நம்பர் பிளாட்டுல இருந்து 31ஆம் நம்பர் வரைக்கும்.

படத்தைப் பெருசா பிரின்ட் போட்டு, பாலத்தையும் போட்டோ எடுத்து மனு கொடுத்திருக்கோம். சர்வேயர் வர்றதா சொல்லியிருக்காங்க. ரெண்டு தடவை தேதி தள்ளிப் போயிடுச்சு. இதுக்கிடையில 22ஆம் நம்பர் பிளாட்டுக்கு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருக்காங்களாம், மதுரைக்குள்ள வேலை பார்க்கிற ஒரு குடும்பம். அவங்க இதைப் படிச்சாங்கன்னா, ஐப்பசி மழையில ஒரு தடவை வந்து நின்னு பார்த்துட்டு மிச்சப் பணத்தைக் கட்டட்டும்.

பிரின்டை முதல்ல காட்டினது எங்க சின்னையாகிட்ட. தொண்ணூறை நெருங்குறார். கரிவண்டியில ஏறினவர்ல எங்க ஊர்ல மிச்சம் இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். திண்ணையில உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். கண்மாயைச் சொன்னார், அய்யனார் கோயில் மரத்தைச் சொன்னார், எல்லாம் சரியா. கரிக்கொட்டுல விரலை வச்சுக்கிட்டுக் கேட்டார்.

"பஸ்ஸு எங்கப்பா?"

"அது தெரியாது சின்னையா. எவ்வளவு உசரத்துல இருந்து எடுத்தது. ரோடே நூலாத்தான் தெரியுது."

"அதெல்லாம் இல்ல. பத்து மணிக்கு வண்டி இங்கன நிக்கும். இவன் பத்துக்கு முன்னாடி எடுத்துப்புட்டான்."

ராத்திரி வந்து படத்தைத் திரும்பத் திறந்தேன். ஆனைமலை நிழல், புளியமர நிழல் எல்லாம் மேற்கே நீளமா சாய்ஞ்சிருக்கு. காலை நேரம்தான். எட்டரை, ஒன்பது இருக்கும்.