சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ஒரு திங்கட்கிழமை காலை. பல் தேய்த்து வாய் கொப்பளித்தால், தண்ணீர் என்னைக் கேட்காமலே வலது பக்கம் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். பாதி முகம் டியூட்டியில் இருந்தது, மீதி ஸ்ட்ரைக். வலது கண்ணை மூட முடியவில்லை. சிரித்துப் பார்த்தேன். பி.எஸ்.வீரப்பா பயந்திருப்பார்.

'ஜன்னலோர சீட்ல உக்காராதேன்னு சொன்னேனே, காத்து அடிச்சிருக்கு!' என்றாள் அம்மா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முந்தின ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. நானோ மனசுக்குள் வீட்டுக்கடன் தவணைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர், 'புருவத்தைத் தூக்குங்க' என்றார். வலது புருவம் அசையவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம்! மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடுமாம். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் முக நரம்பில்தான் கோளாறாம். பெயர், 'பெல்ஸ் பால்ஸி'. 1821-ல் முக நரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல்லின் ஞாபகார்த்தம். ஸ்டீராய்ட் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிவிட்டு, சீட்டின் மேலே ஒரு வார்த்தை கிறுக்கினார்: 'இடியோபதிக்'.

இடியட் என்கிறாரோ?

வீட்டுக்கு வந்து டிக்ஷனரியைப் புரட்டினேன். கிரேக்கத்தில் 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது. 'பாதோஸ்' என்றால் துன்பம். வேறொன்றால் வராமல் தானாகவே வந்த நோய். இன்றைய அர்த்தத்தில், காரணம் தெரியாதது. என் சந்தேகமும் முழுக்கத் தப்பில்லை. இடியட்டும் அதே இடியோஸ் வம்சம்தான்! ஊர் விவகாரம் எதிலும் தலையிடாமல் தன் ஜோலியை மட்டும் பார்க்கிறவனுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் சண்டை என்றால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறோமே, நாமேதான்.

பி.காம். மூளைக்கு உடனே புரிந்தது. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போமே, அதுதான் இது. அவசரப்பட்டுத் தப்பான ஹெட்டில் எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல். வயிற்று அல்சரை டென்ஷன், காரம் என்ற ஹெட்டில்தான் ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. என்ட்ரி திருத்தப்பட்டது.

இரண்டு மாதத்தில் என் முகம் ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கியது. அன்றைக்குத்தான் மனைவி மெதுவாகக் கேட்டாள்:

'என்னங்க, அன்னிக்கு நான் போட்ட சண்டையாலதானே இப்படி ஆச்சு?'

இத்தனை நாளும் தன் பெயரிலேயே பற்று எழுதி வைத்திருக்கிறாள்!

'சேச்சே... இடியோபதிக்!' என்றேன்.

'பார்த்தீங்களா, வாய் சரியானதும் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க!'