கட்டிலருகே ஒரு வகுப்பு

பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. 1890-களின் பிற்பகுதி. காலை வேளையில் வார்டுக்குள் ஒரு கூட்டம் நுழைகிறது. நடுவில் மெலிந்த உடல், மாநிறம், நீளக் கறுப்புக் கோட்டு, தொங்கு மீசையோடு ஒருவர். அவர் கை பக்கத்தில் வரும் இளம் டாக்டரின் தோளில் கிடக்கிறது. பின்னால் உதவி மருத்துவர்கள், நர்சுகள், நோட்டும் கையுமாக மாணவர்கள். மாணவர்களில் பெண்களும் உண்டு. அமெரிக்காவில் அன்று அது அபூர்வம்.

முதல் கட்டிலில் காய்ச்சல்காரர் ஒருவர். பேராசிரியர் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கம் திரும்புகிறார். அந்தக் கட்டிலுக்குப் பொறுப்பான மாணவர் நோயின் கதையைச் சொல்கிறார். விசாரித்ததும் சோதித்ததும் அவரேதான். மலேரியாவா டைபாய்டா என்று அறிய ரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் அவரே. அடுத்து இன்னொரு மாணவர் முன்னே வருகிறார். உடனே தொட்டுவிட முடியாது. முதலில் கண். மார்பு எப்படி ஏறி இறங்குகிறது, கழுத்து ரத்தக்குழாய் எப்படித் துடிக்கிறது, நகம் என்ன நிறம்? பார்த்து முடித்த பிறகு கை. பிறகு விரலால் தட்டிப் பார்ப்பது. ஸ்டெதாஸ்கோப் கடைசியில்.

இந்தப் பேராசிரியர்தான் வில்லியம் ஆஸ்லர். 1849-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1872-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சில ஆண்டுகளில் அங்கேயே பேராசிரியரானார். மான்ட்ரியலின் பிணக்கூடத்தில் நூற்றுக்கணக்கான உடல்களைத் தாமே அறுத்துப் பார்த்தார். உயிரோடு இருந்தபோது மருத்துவர் ஊகித்தது என்ன, உள்ளே உண்மையில் இருந்தது என்ன என்பதை அங்கே கண்ணால் கண்டார். கட்டிலருகே அவரிடமிருந்த நிதானம் அந்த அறையில் பழகியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஃபிலடெல்ஃபியாவில் ஐந்தாண்டு பணியாற்றிய பின், 1889-இல் ஹாப்கின்ஸின் தலைமை மருத்துவரானார். நோயாளியைத் தொடாமலே, விரிவுரை கேட்டே டாக்டராகிவிட முடிந்த காலம் அது. ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்குள் கொண்டுவந்தார், கட்டில்களைப் பங்கிட்டுக் கொடுத்தார், மருத்துவமனையின் வேலையில் அவர்களையும் ஒரு கையாக ஆக்கினார்.

1892-இல் அவருடைய மருத்துவப் பாடநூல் வந்தது. எத்தனையோ நோய்களுக்கு உருப்படியான மருந்து இல்லை என்பதை அதில் மறைக்காமல் எழுதியிருந்தார். பெருஞ்செல்வந்தர் ராக்ஃபெல்லரின் ஆலோசகரான ஃப்ரெடரிக் கேட்ஸ் 1897-இல் அந்த நூலைப் படித்தார். மருத்துவம் அறியாதது எவ்வளவு என்பது அவரை உலுக்கியது. 1901-இல் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிலையம் பிறந்ததற்கு அந்த வாசிப்பே வித்து. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய நேர்மைக்குக் கிடைத்த பலன் அது.

1905-இல் ஆக்ஸ்ஃபோர்டு அவரை அழைத்துக்கொண்டது. 1917-இல், உயிரோடிருந்த ஒரே மகன் ரெவியர், பெல்ஜியப் போர்முனையில் மாண்டான். அடுத்த ஆண்டு இலையுதிர் காலம். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சிறுமி மரணப் படுக்கையில் கிடக்கிறாள். குனிந்து, குந்தியபடியே அறைக்குள் வருகிறார் அந்த முதியவர், ஏதோ கதையில் வரும் குட்டிப் பூதமாக. ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் பொதிந்த சிவப்பு ரோஜாவை எடுக்கிறார். தோட்டத்தில் கடைசியாகப் பூத்த பூ, உன்னைப் பார்க்க வேண்டுமென்று என்னோடு வந்துவிட்டது என்கிறார். எந்தப் பூவும் எந்த மனிதரும் ஓரிடத்திலேயே இருந்துவிட முடியாது என்பதையும் கதைபோலச் சொல்கிறார். குழந்தைக்குப் புரிகிறது, அவள் அஞ்சவில்லை. மகனை இழந்த தகப்பன் அதைச் சொன்னார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1919 டிசம்பரில், 70 வயதில் ஆஸ்லர் காலமானார். வார்டில் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்பதைத் தவிரத் தன் கல்லறைக்கு வேறு வாசகம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பட்டங்களும் பதவிகளும் ஏராளமாய்ப் பெற்றவர் இதை மட்டும் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் எழுதிய சிகிச்சைகளில் பெரும்பகுதி இன்று வழக்கொழிந்துவிட்டது. காலையில் கட்டில் கட்டிலாக நின்று பார்க்கும் ரவுண்ட்ஸ் மட்டும் மருத்துவக் கல்லூரிகளில் தொடர்கிறது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் நகரும் அவசரம் பெருகியிருக்கும் இந்நாளில், அந்த வகுப்பை நாம் கைவிடக் கூடாது.