எங்கள் வக்கீல் தாத்தா

இந்தத் தடவை சுவர்ப் பத்திரிகைக்கு "எனக்குத் தெரிந்த மனிதர்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். தலைவர்களைப் பற்றி எழுதக்கூடாது, பழகினவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் என் அம்மாவின் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். தாத்தா 2025 தை மாதம் 80 வயதில் இறந்து போனார். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் "வக்கீலய்யா"தான்.

தாத்தா படித்த காலத்தில் மதுரையில் சட்டக் கல்லூரி கிடையாது. அது 1974-ல்தான் வந்தது. அதனால் மெட்ராஸுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நாற்பது வருஷம் வாதாடினார். நம் மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அப்பீல் என்றால் ராத்திரி பஸ் பிடித்து மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு ஓட வேண்டும். 2004 ஜூலையில் மதுரையில் ஐகோர்ட்டுக் கிளை திறந்த பிறகுதான் அந்த அலைச்சல் நின்றது. தாத்தா எடுத்ததெல்லாம் கிரிமினல் கேஸ். பீஸுக்குப் பதிலாக ஒருத்தர் ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாராம். அதை அவித்து அவித்துத் தின்று தீரவில்லை என்று ஆச்சி இன்னமும் சொல்லிச் சிரிக்கும்.

நீங்கள் சினிமாவில் பார்க்கிற மாதிரி கோர்ட்டு இருக்காது. ஜட்ஜ் சுத்தியலால் தட்டுவதைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று தாத்தா சொல்வார். புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும் கிடையாதாம். டவாலி பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். முக்கால்வாசி நாள் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

வீட்டில் அவர் வேற ஆள். ஆச்சி ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்ததால் காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விடும். அம்மா, பெரியம்மா, சித்தி மூன்று பேருக்கும் தலை சீவிச் சடை பின்னிவிட்டது தாத்தாதான். பின்னி முடித்துவிட்டுத்தான் கறுப்புக் கோட்டை எடுப்பார். கோர்ட்டு பத்தரைக்கு. "கேஸ் கட்டு கட்டுற மாதிரி இறுக்கிப் பின்னிருவாரு, சாயங்காலம் வரைக்கும் மண்டை வலிக்கும்" என்று அம்மா சொல்லும். சனிக்கிழமை ஒரு பொட்டலம் பால்கோவா வரும். சாப்பிடும்போது மட்டும் யாரும் கேஸைப் பற்றிக் கேட்கக் கூடாது.

இனி எழுதப்போவதைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்று சொன்னது.

1996-ல் அம்மா என்னை மாதிரியே ஒன்பதாம் வகுப்பு. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். எல்லோருக்கும் பிடித்தமான மனிதராம் அவர். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரைப் போலீஸ் பிடித்தது. அவருக்கு வாதாட யாரும் வரவில்லை. தாத்தா வக்காலத்து போட்டார்.

அவ்வளவுதான், ஊர் பேச்சை நிறுத்திவிட்டது. கடையில் ஆச்சிக்குச் சாமான் கட்டிக் கொடுக்க ஆள் வராது. பொங்கலுக்கு ஒருத்தரும் படி ஏறவில்லை. அம்மாவோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்த பிள்ளைகள் முன்னாலேயே கிளம்பிப் போய்விடுவார்கள். அம்மா அழுதுகொண்டே, "ஏம்ப்பா கொலைகாரனுக்குப் பேசுறீங்க?" என்று கேட்டிருக்கிறது. "அவன் கொலைகாரன்னு நிரூபிக்க வேண்டியது போலீஸ். அவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். வக்கீலே இல்லாம ஒருத்தன உள்ள தள்ளுனா அதுக்குப் பேரு விசாரணை இல்ல தாயி" என்றாராம். அம்மாவுக்கு அது புரிந்தது, ஆனால் கோபம் போகவில்லை. எனக்கும் அம்மா பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. அந்த வழியில் தனியாக நடந்தது அம்மாதானே, தாத்தா இல்லையே.

விசாரணையில் ஒரே ஒரு கண்ணால் பார்த்த சாட்சி. ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் போடப் போனேன், அரிவாளோடு ஓடுவதைப் பார்த்தேன் என்றார். நம் ஊரில் அப்போது மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் விடுவார்கள். மும்முனை இல்லாவிட்டால் கிணற்று மோட்டார் ஓடாது. தாத்தா கரண்டு ஆபீஸ் பதிவேட்டைக் கோர்ட்டுக்கு வரவழைத்தார். அந்த வாரம் அந்தப் பக்கம் பகலில்தான் மும்முனை. குறுக்கு விசாரணையில், "கரண்டே இல்லாத மோட்டாரை எப்படிப் போடப் போனீங்க?" என்று கேட்டார். சாட்சிக்குப் பதில் வரவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அந்த ஆளை விடுதலை செய்துவிட்டார்கள். இதையெல்லாம் சொன்னது தாத்தாவின் குமாஸ்தா மாமா. தாத்தா வாயால் ஒரு வார்த்தை வந்ததில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டேன். "நிஜமாவே அவர்தான் செஞ்சாரா தாத்தா?" கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 126-வது பிரிவு, கேஸ் முடிந்தாலும் அது முடியாது என்றார். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

2009-ல் தொழிலை விட்டபோது பழைய கட்டுகளை எல்லாம் அவரவர் வீட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டார். குமாஸ்தா மாமா மாசக்கணக்கில் சைக்கிளில் அலைந்தார். அதற்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைசி இரண்டு வருஷம் ஞாபகம் போய்விட்டது. என் பேர் மறந்துபோச்சு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து கொலைக்கு 302 போய் 103 ஆகிவிட்டது என்று நான் பேப்பரில் வாசித்துக் காட்டினேன். "யாரு மாத்துனா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அம்மா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டது. இருபத்தெட்டு வருஷமாகக் கேட்க நினைத்தது அது. "அப்பா, அந்த வாய்க்கால் கேஸு, அந்த ஆளுதானா செஞ்சது?" தாத்தா ரொம்ப நேரம் அம்மா முகத்தைப் பார்த்தார். "அது கட்சிக்காரர் விஷயம், சொல்லப்படாது. நீங்க யாரும்மா?" என்றார். அம்மா சிரித்துவிட்டது. அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதது.

தாத்தா இறந்த அன்று கோர்ட்டிலிருந்து நிறைய வக்கீல்கள் வந்தார்கள். தெருமுனை வேப்பமரத்தடியில் வயசான ஒருத்தர் மட்டும் வீட்டுக்குள் வராமல், மாலையும் போடாமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையிலிருந்து தூக்குகிற வரைக்கும் நின்றார். ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவரிடம் நீட்டியது. அவர் வாங்கிக் குடித்தார். அம்மா எதுவும் கேட்கவில்லை, செம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டது.