ஆச்சி திருத்திய ஆங்கிலம்

கிளிநொச்சியில் எமது அயல்வீட்டு மாணவி ஒருத்தி, புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பதற்காகத் தன் குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். "மாமா, இதிலை 'ஹாவ்' வருமோ, 'ஹாட்' வருமோ?" என்பதே அவளது ஐயம்.

நாம் பெருமிதத்தோடு பேனாவை எடுத்து, 'வி ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 1985' என்று எழுதிக் கொடுத்தோம். 1985 முதல் இன்றுவரை இங்கு வாழ்ந்து வருகிறோம் என்பது பொருள். பேத்தி அதைத் தமிழிற் சொல்லக் கேட்ட ஆச்சி, "தம்பி, இடையிலை பதினாலு வருஷம் நாங்கள் இஞ்சை இருக்கேல்லையே!" என்றார்.

நாம் நாணினோம். 1996இல் போர் நகரை நெருங்கியபோது வெளியேறிய அக்குடும்பம், 2010இலேதான் மீண்டது. ஆங்கிலம் அறியாத ஆச்சி எமது இலக்கணத்தைத் திருத்திவிட்டார்.

'ஹாவ்' சேரும் நிகழ்கால நிறைவு, முன்பு நடந்ததை இன்றோடு பிணைப்பது. இடையில் அறுந்த கயிற்றை அது முடிந்து தராது. 'ஹாட்' சேரும் இறந்தகால நிறைவோ, கடந்துபோன ஒரு நிகழ்ச்சிக்கும் முற்பட்டதைச் சொல்வது. நெடுநாளைக்கு முன் நடந்தது என்பதற்காக மட்டும் 'ஹாட்' இடலாகாது. அது சாய்ந்து நிற்க இன்னொரு நிகழ்ச்சி வேண்டும். 'வயலில் விதைத்திருக்கிறோம்', 'மழை வருமுன் விதைத்திருந்தோம்' என்று தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு.

ஆனால் ஒன்றை மாணவர் மறத்தலாகாது. '2015இல் சித்தியடைந்திருக்கிறேன்' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்திலோ நடந்த ஆண்டைக் குறித்ததும் 'ஹாவ்' விலகிவிடும். 'ஐ பாஸ்ட் இன் 2015' என்பதே முறை.

இறுதியில் மூன்று வாக்கியங்கள் எழுதினோம். 'வி ஹாட் லிவ்ட் ஹியர் ஃபோர் இலெவன் இயர்ஸ் வென் த வார் டுரோவ் அஸ் அவுட் இன் 1996. வி கேம் பாக் இன் 2010. வி ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் தென்.' போர் விரட்டியபோது பதினொரு ஆண்டுகள் வாழ்ந்திருந்தோம், மீண்டோம், அன்றுமுதல் வாழ்ந்து வருகிறோம்.

ஆச்சிக்கு இன்னும் ஒரு மனக்குறை. "'ஹாட்' எண்டால் அந்தப் பதினொரு வருஷமும் இல்லாமற் போச்சுதோ, தம்பி?"

"இல்லை ஆச்சி. போருக்கு முன்னரே இந்த மண்ணில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி" என்றோம்.

ஆச்சி சற்று நேரம் முற்றத்துக் கிணற்றையே பார்த்திருந்தார். "அப்ப அது அப்பிடியே நிக்கட்டும்" என்றார்.