சிலந்தி இழையை அளந்தோம்

சிலந்தி வலையைக் கண்டதும் நம் கை ஒட்டடைக்கோலைத்தான் தேடும். யோபு நூலிலும் அது நிலையற்ற நம்பிக்கைக்கு உவமையாகவே வருகிறது. அந்த எளிய இழையை அளந்து பார்க்க எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்கள் நால்வர் முற்பட்டோம்.

எதைக் கொண்டு அளப்பது? திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். இழையோ அதனினும் மெல்லியது. "ஒளியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்" என்றார் எங்கள் இயற்பியல் சிஸ்டர்.

செம்பருத்திச் செடியிலிருந்த சிலந்தியின் இழையை அறுபடாமல் எடுத்து, துளையிட்ட அட்டையின் குறுக்கே ஒட்டியவள் எங்கள் தோழி ஒருத்தி. வகுப்பில் வாய் திறவாதவள். தனக்கு அறிவியல் பிரிவு ஒத்துவராது என்று விலகிவிட எண்ணியிருந்தவள்.

இருட்டறையில், 2 மீட்டர் தொலைவிலிருந்த சுவரை நோக்கி, 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை, எவர் கண்ணிலும் படாதபடி செலுத்தினோம். முதலில் ஒரு தலைமுடியை வைத்தோம். ஒளிப்புள்ளியின் நடுவிலிருந்து முதல் இருள் பட்டை 2 சென்டிமீட்டரில் விழுந்தது. பின்னர் இழையை வைத்தோம். அந்தப் பட்டை 26 சென்டிமீட்டருக்கு விலகிச் சென்றது! அலைநீளத்தைச் சுவரின் தொலைவால் பெருக்கி, இந்த இடைவெளியால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். முடி 65 மைக்ரோமீட்டர். இழை வெறும் 5 மைக்ரோமீட்டர். பொருள் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு அகலமாக ஒளியை விரிக்கிறது. என்னே விந்தை!

அடுத்து, அதன் ஒளிவிலகல் எண். நுண்ணோக்கியின் கீழ், நீரில் இழை தெளிவாகத் தெரிந்தது; கிராம்பு எண்ணெயிலோ அதன் விளிம்பு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தெளிந்த பொருளும் அதைச் சூழ்ந்த திரவமும் ஒளியை ஒரே அளவில் வளைத்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிராம்பு எண்ணெயின் எண் 1.53. ஆகவே இழையின் எண் இதற்கு அருகில்தான் இருக்கவேண்டும் என்று கண்டோம். ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதே வழியை, இன்னும் நுட்பமாக, முனைவுற்ற ஒளியுடன் இணைத்துக் கையாண்டார்கள். சிலந்தி இழையின் எண் ஏறத்தாழ 1.55 என்பது அறிந்த செய்தி.

1785இல் அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் விண்மீன்களைக் குறிபார்க்கத் தம் தொலைநோக்கியில் பொருத்தியதும் சிலந்தி இழையே. நாம் துடைத்தெறியும் பொருள் விண்ணளக்க உதவியிருக்கிறது.

கண்காட்சி நாளன்று ஒரு மாணவியின் தந்தை, "இது எப்படியம்மா?" என்று வினவினார். நாங்கள் மூவரும் பேச வாயெடுக்குமுன், அந்தத் தோழியே சுண்ணக்கட்டியை எடுத்துப் படம் வரைந்து விளக்கினாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் அறையே அமைதியாகிக் கேட்டது. இவ்வாண்டும் அவள் இயற்பியல் வகுப்பில் எங்களுடன்தான் அமர்ந்திருக்கிறாள்.