கதவருகே நின்ற குரல்

பந்தல்குடியில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டி திண்ணை மாடத்தில் இருந்தது. அதைத் திருகும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே. வேளாண் நிகழ்ச்சி ஒலிக்கும்போது அம்மா சுளகும் கையுமாக நிலைக்கதவருகே நின்று கேட்பாள்.

ஒருமுறை கரிசல் விவசாயிகளைப் பேட்டி காண ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் வந்தார். கம்பு விதையை வண்டு தாக்காமல் எப்படிக் காக்கிறீர்கள் என்று வினவினார். அப்பா உள்ளே சென்று அம்மாவிடம் கேட்டார். திரும்பி வந்து, வேப்பிலையும் சாம்பலும் கலந்து பானையிலிட்டு, சாணத்தால் வாய் மெழுகும் முறையைத் தமதாகவே சொன்னார். அது ஒலிபரப்பான மாலையில், தன் சொற்கள் அப்பாவின் குரலில் வருவதை அம்மா கேட்டாள். சுளகு மட்டும் சற்று நின்றது.

சங்கம் வானொலியைப் பற்றி அறிந்தபோது அந்த மாலை மீண்டும் நினைவுக்கு வந்தது. தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரமும் நம்முடையதைப் போன்ற மானாவாரி பூமிதான். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியில் ஒன்றுசேர்ந்த தலித் பெண்கள், யுனெஸ்கோ உதவியுடன் 1998-இல் மாச்சனூரில் நிலையம் அமைத்தனர். உரிமம் கிடைக்கவில்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும், தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் வழி திறந்தது. அதுவரை நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, கிராமச் சங்கக் கூட்டங்களில் கேட்பித்தனர். 2008 அக்டோபர் 15 அன்று வானொலி காற்றில் ஏறியது. தொடங்கி வைத்தவர், அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதி பி.பி. சாவந்த்!

நிலையத்தை நடத்தியவர்கள் 'ஜெனரல்' நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இருவர். விதை, கைமருந்து, உணவு, பாட்டு என்று ஊர்ப் பெண்கள் அறிந்ததையெல்லாம் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். பெண்ணுரிமைச் சொற்பொழிவுகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். ஒரு கூலிப்பெண்ணிடம் ஒலிவாங்கியை நீட்டி, அவள் வாய் திறக்கும்வரை காத்திருப்பதை அவற்றினும் உயர்வாக மதிக்கிறேன். உயிர்த்த ஆண்டவரின் செய்தியைக் கொண்டுவந்த பெண்களைத் திருத்தூதர்களே நம்பவில்லை என்று லூக்கா எழுதியிருக்கிறார். மறைக்காமல் எழுதினாரே, அதற்கு நன்றி.

அப்பா இறந்து ஏழாண்டுகள் கழித்து, தாளும் பேனாவுமாக அம்மாவிடம் அந்த விதை முறையைக் கேட்டேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? அப்பாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள்.

காத்திருந்தேன். மாலைச் செபம் முடிந்தபின் தானாகவே தொடங்கினாள்.

"வேப்பெல நெழல்ல காயணும். அத அவரு ரேடியோவுல சொல்லாம விட்டுட்டாரு."